கதவு திறந்த நேரம்

மாமா ஒரு நாளைக்கு ஐந்து தடவை போன் செய்வார். ஐந்து தடவையும் ஒரே விஷயம்தான்.

"ஏம்மா, பச்ச போயி செவப்பு வந்துருச்சு. என்னான்னு பாரு."

பச்சை, சிவப்பு என்று அவர் சொல்வது அவருடைய செல்போனில் நான் எழுதிக்கொடுத்த ஆப்பின் மூலையில் இருக்கிற ஒரு பொட்டு. பச்சையாக இருந்தால் சூளையிலிருந்து தகவல் வந்துகொண்டிருக்கிறது. சிவப்பாக இருந்தால் வரவில்லை. வராததற்கு முக்கால்வாசி நேரம் ஒரே காரணம்தான். பட்டறை ஆபீசில் யாரோ டீ போடுவதற்குக் கெட்டிலைச் செருக, நெட் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள்.

"மாமா, பிளக்க பாருங்க."

"பிளக்கெல்லாம் சரியாத்தான் இருக்குது."

"எழுந்து போயி பாருங்க மாமா."

பத்து நிமிஷத்தில் பச்சை வந்துவிடும். போன் மட்டும் வராது. பிளக்குதான் என்று தெரிந்த பிறகு அவர் எதற்குப் பேசப்போகிறார்? நான் பல்லைக் கடித்துக்கொண்டு என் கம்பெனி வேலைக்குத் திரும்புவேன்.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஊறுகாய் ஜாடி செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். மேலே காப்பிக் கலர், கீழே சந்தனக் கலர், கழுத்தில் இரண்டு காது. உங்கள் வீட்டுப் பரணில்கூட ஒன்று இருக்கும். நான் ஜங்ஷன் பக்கம் குடியிருக்கிறேன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறேன். ஒருநாள் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா, "சூளைக்குள்ள என்னா நடக்குதுன்னு நான் வூட்டுல உக்காந்தே பாக்கணும், முடியுமா?" என்று கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை மாமா என்று சொல்லித் தொலைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வருஷத்துக்கு மேலாக இன்னும் முடியவில்லை.

சூளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு சின்ன அறை அளவு இருக்கும், கேஸில் எரியும். காலையில் பற்றவைத்தால் சாயங்காலத்துக்குள் ஆயிரத்து இருநூறு டிகிரிக்குப் போகும். அப்புறம் கேஸை நிறுத்திவிட்டு, மறுநாள் மதியம் வரை கதவைத் தொடக்கூடாது. சூடு நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கிய பிறகு முதலில் கதவை ஒரு விரற்கடை மட்டும் திறந்து வைப்பார்கள். அரைமணி கழித்து முழுசாக. அவசரப்பட்டு முன்னாலேயே திறந்தால் வெளிக்காற்று பட்டு உள்ளே இருக்கிற ஜாடியெல்லாம் விரிந்து விரிசல் விட்டுவிடும். அந்த ஒரு விரற்கடையை எப்போது திறப்பது என்பதுதான் சூளைக்காரரின் மொத்த வேலையும் என்று சொல்லலாம்.

மாமாவின் சூளைக்காரர் ஒரு பெண். நல்லூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர், என் வயதுதான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்தபோது ஜாடியின் அடியை ஸ்பாஞ்சால் துடைக்கிற வேலை. கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சில் முக்கி எடுத்த ஜாடிக்கு அடிப்பாகம் துடைக்காவிட்டால் சூளையில் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். நாள் முழுக்கத் தொட்டித் தண்ணீரில் கை ஊறும். அங்கிருந்து ஜாடி அடுக்குகிற வேலைக்கு வந்து, பழைய சூளைக்காரர் சொல்லாமல் நின்றுபோன ஒரு நாளில், "நான் எரிக்கிறேன்" என்று முன்னால் வந்து நின்றவர். ஒன்பது வருஷமாக அவர்தான். பேட்டையிலேயே சூளைப் பொறுப்பில் இருக்கிற ஒரே பெண். மற்ற பட்டறைக்காரர்கள் ஆரம்பத்தில் கேலி பேசியதும், பிறகு தங்கள் ஜாடி விரிந்தால் அவரிடமே வந்து காரணம் கேட்டதும் எனக்கு அக்கா சொல்லித் தெரியும்.

இப்போது என் பெட்டி. சூளைச் சுவரில் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்றை மாட்டினேன். பத்து விநாடிக்கு ஒருமுறை சூட்டைப் படிக்கும். கேஸ் திறந்தால், மூடினால் குறிக்கும். கதவு நகர்ந்தால் குறிக்கும். ஒவ்வொரு நிகழ்வும் ஒரே அச்சில் ஒரு பதிவு: நேரம், எந்தச் சூளை, என்ன நடந்தது, எவ்வளவு சூடு, பொறுப்பில் யார். கடைசி கட்டம் மாமா கேட்டு வாங்கியது. பதிவுகளெல்லாம், லாகு என்று நாங்கள் சொல்வது, வெளியூரில் நான் வாடகைக்கு எடுத்திருக்கிற ஒரு கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கே அவற்றை வாங்கி அடுக்கிவைக்க ஒரு சேகரிப்பான் இருக்கிறது. கதவு திறந்த பதிவில் சூட்டுக் கட்டம் காலியாக வரும்; அது வந்தால், சேகரிப்பான் தன்னிடம் கடைசியாக வந்த சூட்டையும் சேர்த்து மாமாவின் போனுக்கு ஒரு செய்தி அனுப்பும்.

"இத யாராச்சும் அழிச்சுட்டா?" என்று மாமா கேட்டார்.

"அழிக்கவே முடியாது மாமா. புதுசா கீழ சேக்கலாம், அவ்வளவுதான். நீங்க நெனச்சாலும் முடியாது, நான் நெனச்சாலும் முடியாது. அப்படித்தான் வச்சிருக்கேன்."

மாமாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். ஆயுத பூஜைக்குப் பெட்டிக்கு மாலை போட்டு, கதவு ஸ்விட்சுக்குச் சந்தனம் பூசி, அது காய்ந்து இறுகி, கதவு திறந்தது மூடியது திறந்தது மூடியது என்று விடிய விடிய அவர் போனுக்கே செய்தி போனதில்கூட நம்பிக்கை குறையவில்லை. "சாமிக்குப் பூசுனது, கொஞ்சம் வேல காட்டத்தான் செய்யும்" என்றார். நான் பழைய டூத் பிரஷை வைத்துக்கொண்டு சந்தனத்தைச் சுரண்டினேன். எம்.சி.ஏ. படித்தது இதற்குத்தான்.

புரோகிராமின் முதல் வடிவம் எளிமையானது. நிகழ்வு நடந்தவுடன், அந்த நேரத்தைக் குறித்து, அப்படியே அனுப்பிவிடும். ஒரு ஆள் நாலு அடுப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிற மாதிரி, ஒரே புரோகிராம் எதற்கும் காத்து நிற்காமல் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். ஆனால் அனுப்புகிற அந்த ஒரு வரி மட்டும் பதில் வருகிறவரை நின்றது. அது நின்றால் எல்லாம் நின்றது. நெட் இழுக்கிற நாளில் சூட்டைப் படிப்பதே விட்டுப்போகும். மாமா போன் செய்வார்.

அதனால் நடுவில் ஒரு வரிசை வைத்தேன். நிகழ்வு நடந்தால் வரிசையில் போய் நிற்கும். அனுப்புகிற பகுதி தனியாக, தன் வேகத்தில், முன்னால் நிற்பதை ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பும். நெட் இல்லையென்றால் வரிசை நீளும், வந்ததும் குறையும். நல்ல ஏற்பாடு. மாமாவுக்குப் போதவில்லை. "கதவு தொறந்தா எனக்கு ஒடனே தெரியணும், சூடு கெடக்கட்டும்" என்றார். சரி என்று கதவுக்கு மட்டும் தனிவழி விட்டேன். கோயிலில் நாமெல்லாம் தர்ம தரிசன வரிசையில் நிற்க, சீட்டு வாங்கியவர் பக்கத்துக் கம்பியைத் திறந்துகொண்டு நேரே போவாரே, அதுமாதிரி.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த அழகான ஏற்பாட்டில் நான் ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன், அது அப்போது எனக்குத் தெரியாது.

அடைமழை பிடித்த ஒரு வாரம். ஊறுகாய்க் கம்பெனி ஒன்று ஜாடி கேட்டு மாமாவை நெருக்கிக்கொண்டிருந்தது. காலையில் சூளையைப் பற்றவைத்தார்கள், சாயங்காலம் கேஸை நிறுத்தினார்கள். எல்லாம் ஒழுங்காகப் பதிவானது. நிறுத்தின கொஞ்ச நேரத்திலேயே மழையில் நெட் போயிற்று. மறுநாள் மதியம் இரண்டு மணிக்குத்தான் வந்தது. மூன்று பத்துக்கு மாமா போனுக்கு ஒரு செய்தி. கதவு திறக்கப்பட்டது, சூடு அறுநூற்று நாற்பது.

மாமா அப்போது பெண்ணாடத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். அவர் கிளம்பி வருவதற்குள் ஐந்தரை. ஜாடி எல்லாம் வெளியே எடுத்து அடுக்கியிருந்தது. சூளைக்கார அம்மா பஸ் ஏறிப் போயிருந்தார். ஜாடியில் பாதிக்கு மேல் அடியில் விரிசல்.

மறுநாள் காலை எனக்கு அழைப்பு. நான் போனபோது மாமா சூளை முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"நாலு மணி பஸ்ஸ புடிக்கணும்னு அறநூறுல கதவத் தொறந்திருக்க! உன்ன நம்பித்தான உட்டேன்?"

"அறநூறுல தொறந்தா எம் புருவம் இருக்குமாங்க? நல்லா பாருங்க மொதலாளி. மீட்டரு நூத்தி முப்பது காட்டுச்சு. அப்புறந்தான் ஒரு வெரக்கட தொறந்தேன்."

சூளையில் பழைய மீட்டர் ஒன்று உண்டு. அந்த நிமிஷத்துச் சூட்டைக் காட்டும், எதையும் நினைவில் வைக்காது.

"மீட்டர நீ ஒருத்திதான் பாத்த. பொட்டி சொன்னத நாங்க எல்லாரும் பாத்தோம்."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். விரிந்த ஜாடி ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"மேடம், நீங்களே வெரல வச்சுப் பாருங்க. வெரிச்சலு ஓரம் மொழுமொழுன்னு இருக்குது. கிளேஸு உள்ள எறங்கியிருக்குது. தொறக்கும்போது வெரிஞ்சா ஓரம் பிளேடு மாதிரி கைய கிழிக்கும். இது சூடு ஏறும்போதே வெரிஞ்சது. அப்புறந்தான் கிளேஸு உருகி உள்ள போயிருக்குது. ஜாடி ஈரமா இருக்குது, ரெண்டு நாளு போவட்டும்னு நான் அன்னிக்கே சொன்னேன். மொதலாளிதான் கேக்கல."

விரலை வைத்துப் பார்த்தேன். மொழுமொழுவென்றுதான் இருந்தது. மாமா முகம் சிவந்தது.

"கம்ப்யூட்டர விட உன் வெரலு பெருசா? ஏம்மா, நீ சொல்லு."

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. லேப்டாப்பைத் திறந்தேன். முந்தைய நாள் மூன்று மணிப் பக்கத்தை மட்டும் எடுத்தேன். கதவு திறந்த பதிவு இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் அறுநூற்று நாற்பது, அறுநூற்று முப்பத்தொன்பது என்று சூடு விழுந்துகொண்டிருந்தது. எனக்குக் கம்பெனியில் ஒரு அவசர வேலை காத்திருந்தது. ஒரு வருஷமாக இந்தப் பெட்டியைக் கட்டி அழுதுகொண்டிருந்த எரிச்சல் வேறு.

"லாகு பொய் சொல்லாதுங்க," என்றேன்.

அந்த அம்மா ஜாடியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். அன்றே மாமா சூளைக்கு வேறு ஆளைப் போட்டார். அவரைத் திரும்ப ஸ்பாஞ்சு வேலைக்கு அனுப்பினார். பேட்டை முழுக்க விஷயம் பரவியது. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சூளையைத் திறந்தவர் என்று பேர் வந்துவிட்டால், அப்புறம் எந்தப் பட்டறையிலும் சூளைப் பக்கம் விடமாட்டார்கள். ஒன்பது வருஷம் கதவுக்கு முன்னால் நின்றவர், தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஜாடி அடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு புதன்கிழமை மதியம், கம்பெனியில் கூட வேலை செய்கிற ஒரு பெண் எழுதிய புரோகிராமை வீடியோ காலில் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தேன். அதுவும் பதிவு அனுப்புகிற வேலைதான். நேரத்தை அவள் அனுப்புகிற இடத்தில் குறித்திருந்தாள்.

"இத எத்தன தடவ சொல்றது? நேரத்த நடந்த எடத்துல குறிக்கணும். அனுப்புற எடத்துல குறிச்சா, வரிசையில எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு எவனுக்குத் தெரியும்? நேத்து ராத்திரி நடந்ததெல்லாம் இன்னிக்கு மத்தியானம் நடந்த மாதிரி…"

அதோடு நின்றுவிட்டேன். அந்தப் பெண் "ஹலோ, கேக்குதா? நெட் போச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நெட் போகவில்லை. நானே இணைப்பைத் துண்டித்தேன்.

சூளைப் புரோகிராமைத் திறந்தேன். அவசரத்தில் பாஸ்வேர்டு இரண்டு தடவை தப்பாகப் போயிற்று. முதல் வடிவத்தில் அனுப்புவதும் நடப்பதும் ஒரே நொடி என்பதால், நேரம் குறிக்கிற வரியை அனுப்புகிற பகுதிக்குள் வைத்திருந்தேன். நடுவில் வரிசையைச் செருகியபோது அந்த வரியை எடுத்து முன்னால் வைக்க வேண்டும். வைக்கவில்லை. அது பாட்டுக்கு அங்கேயே கிடந்தது. அடியே அறிவு கெட்டவளே என்று வாய்விட்டே திட்டிக்கொண்டேன்.

இரண்டு வாரத்துக்கு முந்தைய அந்த நாளின் பதிவை, மூன்று மணிப் பக்கம் மட்டுமல்லாமல், முழுசாக எடுத்தேன். பார்த்த உடனே தெரிந்தது. பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். முந்தைய நாள் சாயங்காலத்துக்குப் பிறகு மறுநாள் இரண்டு மணி வரை ஒரு பதிவுகூட இல்லை. இரண்டு மணிக்கு முதலில் வந்த சூடு ஆயிரத்து நூற்று எண்பது. கேஸை நிறுத்தின சூளை ராத்திரி முழுக்க ஆயிரத்துச் சொச்சத்திலேயே நிற்குமா? அது முந்தைய நாள் சாயங்காலச் சூடு. ராத்திரி முழுக்க வரிசையில் காத்திருந்த பதிவுகள் நெட் வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகப் போக ஆரம்பித்திருக்கின்றன, ஒவ்வொன்றும் போகிற நேரத்தையே தன் நேரமாக எழுதிக்கொண்டு. மூன்று பத்துக்கு அவர் கதவைத் திறந்தபோது வரிசையில் நடுராத்திரிச் சூடுதான் போய்க்கொண்டிருந்தது. அறுநூற்று நாற்பது. கதவுப் பதிவோ தனிவழியில் எல்லாரையும் தாண்டிப்போய் அதன் பக்கத்தில் நின்றுவிட்டது.

பத்து விநாடிக்கு ஒரு பதிவு என்பதால், எண்ணிப் பார்த்தால் உண்மையான நேரம் கிடைத்துவிடும். எண்ணினேன். கதவு திறந்த நேரத்தில் சூளையின் சூடு நூற்று முப்பத்திரண்டு.

அவர் நூற்று முப்பது என்று சொல்லியிருந்தார்.

திருத்த அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு பதிவிலும் நடந்த நேரம், அனுப்பிய நேரம் என்று இரண்டு கட்டம் வைத்தேன். சோதித்துப் பார்த்துப் பெட்டியில் ஏற்றினேன். பிறகு மாமாவுக்குப் போன் போட்டேன். சொல்லத்தான் போட்டேன், சத்தியமாக.

"நல்ல நேரத்துல பண்ணுன," என்றார் மாமா. "வெள்ளிக்கெழம நாலு பட்டறக்காரங்க பொட்டிய பாக்க வராங்க. புடிச்சுதுன்னா அவங்களும் வைப்பாங்க. பச்ச பச்சையாவே இருக்கணும், பாத்துக்க."

"சரி மாமா," என்றேன்.

வியாழக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவிடமாவது சொல்லலாம் என்று. கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றினாள், சாப்பிட்டேன், போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை தாண்டட்டும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நான்கு சூளையில் என் பெட்டி மாட்டுகிறபோது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்ததும் உண்மை. அதை மறைக்க விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை நான்கு பேரும் வந்தார்கள். டீ குடித்தார்கள். பொட்டு பச்சையாக இருந்தது. மாமா போனை நீட்டி நீட்டிக் காட்டினார். கடைசியில், நான் பயந்த மாதிரியே, அந்தக் கதையை எடுத்தார்.

"பஸ்ஸ புடிக்க அறநூறுல தொறந்துட்டு, நூத்தி முப்பதுன்னு சாதிச்சுது. பொட்டி புடிச்சுக் குடுத்துருச்சுல்ல!"

நான்கு பேரும் சிரித்தார்கள். ஒருவர், "யாரு, அந்தம்மாவா?" என்று கேட்டார். மாமா தாடையால் தொட்டிப் பக்கம் காட்டினார். பத்தடி தூரம்தான். அவர் நிமிரவில்லை. ஒரே ஜாடியின் அடியைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மாமா பக்கத்தில் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. நான்கு பேரில் ஒருவர் என்னைப் பார்த்து, "நல்லா பண்ணியிருக்கீங்க," என்றார். நான் தேங்க்ஸ் சொன்னேன். ஆமாம், அந்த வார்த்தையைச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை பல்கூட விளக்காமல் பட்டறைக்குப் போனேன். மாமாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தப்பு என்னுடையது, பெட்டியுடையது, அந்த அம்மாவுடையது இல்லை. நடந்தது நூற்று முப்பத்திரண்டு. ஜாடி விரிந்தது ஈரத்தால். மாமா போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"சரி, இப்ப என்னாத்துக்கு அதப் போயி கெளறிக்கிட்டு? ஆறிப்போன விஷயம்."

"யாருக்கு ஆறிப்போச்சு மாமா? உங்களுக்கா, அவங்களுக்கா?" என் சத்தத்தில் அடுக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஈரம்னு சொன்னவங்கள விட்டுட்டு ஏத்துனது நீங்க. லாகு பொய் சொல்லாதுன்னு சொன்னது நான். ரெண்டு பேரும் சேந்துதான் அவங்கள அங்க ஒக்கார வச்சிருக்கோம்."

"மழ பேஞ்சா ஈரம் இருக்கத்தான் செய்யும்," என்று அவர் முணுமுணுத்தார். பிறகு, "திங்கக்கெழமயில இருந்து சூளைக்கு வரச் சொல்லு. நீயே போயி சொல்லிரு," என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார்.

தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. வரிசை, தனிவழி, நேரம் குறித்த இடம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். உளறினேன் என்பதுதான் சரி.

"அப்ப நான் தொறந்தப்ப எவ்வளவுங்க இருந்துச்சு?"

"நூத்தி முப்பத்திரெண்டு."

"நான் முப்பதுன்னு சொன்னேன்," என்றார். ஒரு நிமிஷம் அவர் முகம் தெளிந்த மாதிரி இருந்தது. "மொதலாளி என்னா சொன்னாரு?"

"திங்கக்கெழமயிலிருந்து நீங்க சூளைக்கு வரணும்னு சொன்னாரு. என்னை மன்னிச்சுடுங்க. அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"அன்னிக்கு உங்களுக்குத் தெரியாது. விடுங்க." அடுத்த ஜாடியை எடுத்தார். எடுத்தவர் துடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏங்க மேடம், இது உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்று ராத்திரி என்று சொன்னால் அவருக்குத் தெரியப்போவதில்லை.

"புதன்கிழம மத்தியானம்."

"புதன்கெழம."

"ஆமாங்க."

"வெள்ளிக்கெழம அந்த நாலு பேரு வந்தப்ப நீங்க இங்கதான நின்னுக்கிட்டு இருந்தீங்க?"

"ஆமாங்க."

அவர் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். ஜாடியைக் கவிழ்த்து, அடியை ஒரு சுற்றுத் துடைத்து, பலகையில் வைத்தார்.

"அந்த நாலு பேருக்கும் யாரு சொல்றது?"

"நான் சொல்றேன். இன்னிக்கே போயி சொல்றேன்."

"சொல்லுங்க. நான் திங்கக்கெழம சூளைக்கு வரேன்." அடுத்த ஜாடியை எடுத்தார். "அந்தப் பொட்டியில எம் பேர போட்டு எழுதுனது இருக்குதுல்ல, அத அழிக்க முடியாதுன்னு மொதலாளி சொல்வாரு. நெசமா?"

"முடியாதுங்க. ஆனா அது தப்புன்னு கீழ ஒண்ணு சேக்கலாம். இன்னிக்கே சேத்துடுறேன்."

"சேக்குறதுதான் சேக்குறீங்க, இதையும் சேத்து எழுதுங்க."

"எதை?"

"புதன்கெழம தெரிஞ்சுது, சனிக்கெழம சொன்னாங்கன்னு."

அதற்குமேல் அவர் என் பக்கம் திரும்பவில்லை. நான் அன்றைக்கே நான்கு பட்டறைக்கும் நடந்து போய்ச் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள், ஒருவர் டீ வேண்டுமா என்றார், ஒருவர் காது கொடுத்தே கேட்கவில்லை. நான்கு பேரில் ஒருவரும் பெட்டி வேண்டும் என்று பிறகு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து ஒரு திருத்தப் பதிவு எழுதினேன். என்ன நடந்தது என்ற கட்டத்தில், கதவு நூற்று முப்பத்திரண்டில்தான் திறக்கப்பட்டது, முந்தைய பதிவு தப்பு என்று எழுதினேன். பொறுப்பில் யார் என்ற கட்டத்தில் என் பேர். நடந்த நேரம் என்ற கட்டத்தில், எனக்குத் தெரிந்த புதன்கிழமை மதியத்தைப் போட்டேன். அனுப்பிய நேரத்தை நான் போட வேண்டியதில்லை, அது தானாகவே விழும். சனி என்று விழுந்தது.

அவர் இப்போது சூளையில்தான் இருக்கிறார். என்னைப் பார்த்தால் வாங்க மேடம் என்பார், அதற்குமேல் பேசமாட்டார். அந்தப் பதிவை எத்தனையோ தடவை திறந்து பார்த்திருக்கிறேன். அழிக்க முடியாது. அப்படித்தான் வைத்திருக்கிறேன்.